பழைய ஜீப்புக்கு நாமே பெயிண்ட் அடிக்கலாம்: முழுமையான வழிகாட்டி

வால்பாறை எஸ்டேட் சாலைகளிலும் கொழுக்குமலை ஏற்றத்திலும் இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய மகிந்திரா ஜீப்புகளைப் பார்த்தால் ஒன்று தெரியும். அவற்றின் பெயிண்ட் வெயிலால் போவதில்லை. செடி கொடி கீறி, கல் தெறித்து, அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் இறங்கித்தான் போகிறது. காட்டுக்குள் போகும் வண்டிக்குக் கீறல் விழாத பெயிண்ட் என்று எதுவும் இல்லை. விழுந்த கீறல் துருவாக மாறக் கூடாது, அதை வீட்டு வாசலிலேயே சரிசெய்ய முடிய வேண்டும். இந்த இரண்டும் கிடைத்தால் போதும். ஆகவே காசைக் கண்ணுக்குத் தெரியாத அடிப்பூச்சில் போடுங்கள். மேல்பூச்சு சாதாரணமாக இருக்கட்டும்.

நாமே பெயிண்ட் அடிக்க ஜீப் நல்ல வண்டி. பெரும்பாலும் தட்டையான தகரம், கழற்ற எளிதான பாகங்கள். கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் இல்லாமல் ரோலரைக் கொண்டே முடித்துவிடலாம்.

நிறத்தை முடிவுசெய்யும் முன்

ஜீப் வாங்கும் பலருக்கு முதல் ஆசை ராணுவப் பச்சை. அதை அங்கேயே விட்டுவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 121-ஆம் விதிப்படி, ஆலிவ் கிரீன் நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. வேறு நிறத்துக்கு மாறுவதாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஆர்.சி.யில் உள்ள நிறத்தையே அடித்தால் இந்த அலைச்சல் இல்லை.

மெட்டாலிக் வேண்டாம். பிறகு ஓரிடத்தில் மட்டும் தொட்டுப் பூசினால் அது தனியாகத் தெரியும். பளபளப்பு குறைந்த, ஒரே நிறப் பெயிண்ட் நெளிவுகளையும் ரோலர் தடத்தையும் மறைக்கும். மேட் கறுப்பு இப்போது மோஸ்தராக இருக்கிறது. நம் ஊர் வெயிலில் அந்த பானெட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள் அடுத்த முறை கேட்க மாட்டார்கள். மணல் நிறம், கிரீம், மங்கிய சாம்பல் ஆகியவை புழுதியையும் மறைக்கும்.

எந்தப் பெயிண்ட்?

மலிவானது, இரும்புக் கதவுக்கு அடிக்கும் சிந்தெடிக் எனாமல். ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும், பூசவும் சுலபம். ஆனால் இறுகப் பல நாள் எடுக்கும். டீசல் ஊற்றும் வாயைச் சுற்றி, டீசல் சிந்திச் சிந்தி இளகிவிடும்.

என் தேர்வு, இயந்திரங்களுக்கும் இரும்புக் கட்டுமானங்களுக்கும் அடிக்கும் இரண்டு டின் பி.யூ. (பாலியூரிதேன்) எனாமல். ஒரு டின்னில் பெயிண்ட், இன்னொன்றில் ஹார்டனர். கார் பெயிண்ட் கடையில் கேட்பதைவிடத் தொழிற்சாலைப் பெயிண்ட் விற்கும் கடையில் கேட்டால் விலை குறைவு. வெயிலும் டீசலும் அதை எளிதில் அசைக்காது. நான்கு லிட்டர் ஒரு சின்ன ஜீப்புக்கு மெல்லிய இரண்டு, மூன்று கோட்டுக்கு ஏறக்குறைய வரும். நீள பாடி என்றால் இன்னும் ஒரு லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பிக்கப் வண்டியின் தொட்டிக்குள் பூசும் சொரசொரப்பான பெட் லைனர். உறுதியில் இதற்கு ஈடில்லை, விலையும் அதிகம். வண்டி முழுக்க அடித்தால் சேறு அந்தச் சொரசொரப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கழுவினாலும் போகாது. தரை, சக்கரத்துக்கு மேலுள்ள உட்பகுதி, கதவுக்குக் கீழுள்ள விளிம்பு ஆகியவற்றுக்கு மட்டும் பூசினால் செலவும் கட்டுக்குள் நிற்கும்.

கழற்றுவது, கழுவுவது

விளக்குகள், கண்ணாடிகள், நம்பர் பிளேட், பம்பர், சீட்டு, படுதா, ரப்பர் பீடிங் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி ஒப்பேற்றிய இடத்தின் விளிம்பிலிருந்துதான் பெயிண்ட் முதலில் உரியும். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

கிரீஸ் படிந்த இடத்தை மண்ணெண்ணெயால் துடைத்து, பிறகு சோப்புத் தூள் கரைத்த தண்ணீரில் வண்டி முழுவதையும் தேய்த்துக் கழுவுங்கள். கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டி என்றால் நல்ல தண்ணீரில் பல முறை அலசுங்கள். துருக் குழிக்குள் உப்பு தங்கியிருந்தால் மேலே எதை அடித்தாலும் கொப்புளம் கிளம்பும். உப்புத்தாள் போடுவது கழுவிய பிறகுதான். முன்பே போட்டால் எண்ணெயைத் தகரத்துக்குள் தேய்த்து ஏற்றியதாகிவிடும்.

துரு: இங்கேதான் நேரம் போகும்

எல்லா ஜீப்பிலும் துரு ஒளிந்திருக்கும் இடங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ரப்பர் மேட்டுக்குக் கீழே கால் வைக்கும் தரை, பேட்டரித் தட்டு, முன் கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பக்கம், பின் கதவின் கீழ் மடிப்பு, தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், பாடி சேஸிஸில் உட்காரும் இடங்கள். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அங்கெல்லாம் அழுத்திக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது பெயிண்ட் வேலை இல்லை, டிங்கர் வேலை. வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டையின் மேல் பட்டி வைத்து மூடுவது எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) நாள் வரைக்கும்தான் தாங்கும். வெல்டிங் செய்யும்முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற மறக்காதீர்கள், டீசல் டேங்கையும் இறக்கிவிடுங்கள்.

மேல்துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் 80-ஆம் நம்பர் உப்புத்தாளாலும் பளிச்சென்று தகரம் தெரியும்வரை எடுங்கள். குழிக்குள் கறுப்பாக நிற்பதற்கு பாஸ்போரிக் அமிலம் கலந்த துரு நீக்கி உண்டு. அது அமிலம் என்பதால், டப்பாவில் சொன்னபடி கழுவித் துடைத்து முழுக்க உலர விட வேண்டும். அமிலம் மிச்சமிருந்தால் எபாக்சி பிரைமர் பிடிக்காது.

துரு இல்லாத, கெட்டியாக நிற்கும் பழைய பெயிண்ட்டைச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. 320-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும். ஈரமாகவே தேய்ப்பது நல்லது. பழைய வண்டிப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் இந்திய விதிகூட 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தூசியைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் பறக்க விடாதீர்கள்.

பட்டி பார்ப்பது

குறைவாகப் பாருங்கள். சொட்டையை முடிந்தவரை பின்னாலிருந்து தட்டி எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் பட்டி. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கனம் போனால், மலைப்பாதைக் குலுக்கலில் விரிசல் விடும். ஜீப்பில் சின்னச் சொட்டைகளை அப்படியே விட்டால்தான் என்ன? பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். பூசி, இறுகியதும் 80, 180, 320 என்று உலர்ந்தபடியே தேய்த்து, தாமதிக்காமல் பிரைமர் அடித்துவிடுங்கள்.

பிரைமர்

முதலில் ஒரு சோதனை. மிச்சமிருக்கும் பழைய பெயிண்ட்டின் மேல் பி.யூ. தின்னரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் துணியில் ஒட்டினாலோ பெயிண்ட் சுருங்கினாலோ, அதன் மேல் பி.யூ.வை நேரடியாக அடிக்க முடியாது. சாதாரண ரெட் ஆக்சைடுக்கு மேல் பி.யூ. அடித்தாலும் இதே சிக்கல்தான்: தின்னர் கீழே இறங்கி, எல்லாம் சுருங்கி எழும்பிவிடும். ரெட் ஆக்சைடு, சிந்தெடிக் எனாமலுக்கு ஜோடி. பி.யூ.வுக்கு இரண்டு டின் எபாக்சி பிரைமர்.

துணியால் துடைத்து, விரல் படாமல், வெறும் தகரத்துக்கு இரண்டு கோட்டும் மற்ற இடங்களுக்கு ஒரு கோட்டும் அடியுங்கள். மடிப்பு, வெல்டிங் கோடு, போல்ட் ஓட்டைகளின் விளிம்பு ஆகியவற்றுக்கு முதலில் பிரஷ்ஷால் ஒரு சுற்று பூசிவிடுவது நல்லது. ரோலர் அங்கே எட்டாது, துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

மேல்பூச்சு

வடகிழக்குப் பருவமழை நாட்களில் தொடங்க வேண்டாம். நிழலில், தகரம் கைக்குச் சூடாக இல்லாதபோது, காலைப் பனி காய்ந்த பிறகு ஆரம்பித்து, மாலை பனி இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஈரம் பட்ட பி.யூ. திட்டுத் திட்டாக வெளுக்கும்.

ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். டின்னில் உள்ள விகிதப்படி கோடு போட்ட கப்பில் அளந்து, ஒரு மணி நேரத்துக்குள் தீரும் அளவே கலக்குங்கள். நான்கு அங்குல ரோலர் வசதி. மலிவான ஸ்பாஞ்ச் ரோலர் பி.யூ. தின்னரில் ஊறிக் கரையும். குட்டை முடியுள்ள, தின்னர் தாங்கும் ரோலராகக் கேட்டு வாங்குங்கள்.

முதல் கோட் அடி தெரியும் அளவுக்கு மெல்லியதாகவே இருக்கட்டும். ஒரே கோட்டில் மூட நினைத்தால் வழியும். பானெட், ஒரு மட்கார்டு, ஒரு பக்கம் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் நிறுத்தாமல் முடியுங்கள். அடுத்த கோட் டின்னில் சொன்ன இடைவெளிக்குள். அது தாண்டிவிட்டால் 400-ஆம் நம்பரில் லேசாகத் தேய்த்துவிட்டு அடிக்கலாம். டேப்பைப் பெயிண்ட் முழுதாக இறுகும் முன்பே உரித்துவிடுங்கள்.

ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமா வரவழைக்கும். ரோலரைச் சொல்வதற்கு இதுவும் காரணம்: கன்னில் அடிக்கும்போது எழும் புகைமூட்டம் இதில் இல்லை. ஆனாலும் ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கையுறை, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். மருத்துவர் அணியும் நீல மாஸ்க் இதற்கு உதவாது. வீட்டில் கன் பிடித்து பி.யூ. அடிக்க வேண்டாம். எனாமல் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

அடிப்பக்கமும் தரையும்

தரையில் பெட் லைனர் பூசும்முன் தண்ணீர் வடியும் ஓட்டைகளில் டேப் ஒட்டி, பிறகு திறந்துவிடுங்கள். அவை அடைபட்டால் கெட்டியான பூச்சே தண்ணீரைத் தேக்கும் தொட்டியாகிவிடும். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கனமான பூச்சு எதுவும் வேண்டாம். எஃப்.சி.யில் அந்த எண்ணை அச்செடுத்துப் பார்ப்பார்கள். லேசாக கிரீஸ் தடவி வைத்தால் போதும். பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், கிரீஸ் நிப்பிள், சைலன்சர், பேட்டரி எர்த் ஒயர் சேருமிடம் ஆகியவற்றிலும் பெயிண்ட் படக் கூடாது.

அதற்குப் பிறகு

தொட்டால் ஒட்டாது என்பதற்காக இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. பி.யூ.வுக்கு ஒரு வாரமாவது, எனாமலுக்கு ஒரு மாதம் வரை பொறுத்துத்தான் காட்டுப்பாதை, பிரஷர் வாஷ் எல்லாம். வாக்ஸ் தேவையில்லை. அடுத்த முறை தொட்டுப் பூசும்போது அது இடைஞ்சலாக இருக்கும்.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழுவும்போது, தகரம் தெரியும் கீறல்களை மட்டும் தேடுங்கள். தேய்த்து, ஒரு துளி எபாக்சி, மேலே ஒரு துளி பெயிண்ட். மிஞ்சிய பெயிண்ட்டைச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி மூடி வைக்கலாம். ஆனால் திறந்த ஹார்டனர் காற்றின் ஈரத்திலேயே கெட்டியாகிவிடும் என்பதால், அதை மட்டும் புதிதாகச் சிறிய டின்னில் வாங்கிக்கொள்ளுங்கள்.