எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

பார்க் சர்க்கஸ் பக்கம், மூன்றாவது மாடியில் ஒரு வீடு. தேயிலைத் தூள் பற்றிய சர்வே. நான் ஃபீல்டு சூப்பர்வைசர் ஆகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஃபாரத்தின் முதல் பக்கத்திலேயே 'சமூகம்' என்று ஒரு கேள்வி. அதன் கீழே ஆறு கட்டங்கள். பெங்காலி, பீகாரி, மார்வாரி, மெட்ராசி, முஸ்லிம், மற்றவர். ஏதாவது ஒன்றில்தான் டிக் போடலாம்.

அந்த வீட்டு அம்மாள் பள்ளிக்கூடத்தில் வங்கமொழி கற்பித்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு கட்டங்களையும் நிதானமாகப் படித்தார். பிறகு ஃபாரத்தை என் பக்கம் திருப்பி, "ஏம்மா, இதில் நான் எதை விடணும்? பெங்காலியையா, முஸ்லிமையா?" என்று கேட்டார்.

குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைய கோட்டாவில் முஸ்லிம் வீடுகள் இரண்டு குறைந்தன. அந்தக் கட்டத்தில் நானே டிக் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். இருபது வருஷமாகக் கொல்கத்தாவில் இந்த வேலையைப் பார்க்கிறேன். நான் செய்த தவறுகளில் இன்றும் உறுத்துவது அந்த ஒரு டிக்.

வங்காளி என்றால் இந்து, முஸ்லிம் என்றால் வேறு யாரோ என்ற பேச்சு இங்கே பழையது. சரத்சந்திரரின் 'ஸ்ரீகாந்தன்' நாவல் தொடக்கத்தில் வரும் கால்பந்தாட்டமே வங்காளி மாணவர்களுக்கும் முஸ்லிம் மாணவர்களுக்கும் இடையேதான் நடக்கும். மேற்கு வங்க முஸ்லிம்களில் மிகப் பெரும்பான்மையோருக்குத் தாய்மொழி வங்காளி. கொல்கத்தா நகருக்குள் உருது பேசுபவர்களும் நிறைய. எங்கள் ஃபாரம் இந்த இரு சாராரையும் ஒரே கட்டத்தில் தள்ளிவிட்டு, அவர்கள் எந்தத் தேயிலை வாங்குகிறார்கள் என்று கணக்குப் போட்டது.

அந்தப் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் அதிலிருந்த குழப்பம் புரிந்தது. ஒன்று மொழி, ஒன்று மாநிலம், ஒன்று மதம். 'மெட்ராசி' என்பதோ எதுவுமே இல்லை. மெட்ராஸ் மாநிலம் 1969 ஜனவரி 14 அன்றே தமிழ்நாடு ஆகிவிட்டது. ஒரு கம்பெனி அந்தக் கட்டத்தில் விழுந்த எல்லா வீட்டுக்கும் ஓணம் வாழ்த்து அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். லேக் மார்க்கெட்டில் இருக்கும் தெலுங்குக் குடும்பமும் மதுரைக் குடும்பமும் அதை என்ன செய்யும்?

ஆகவே, இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இது: மொழியைத் தனியாகக் கேளுங்கள், பூர்வீக ஊரைத் தனியாகக் கேளுங்கள், மதத்தைத் தனியாகக் கேளுங்கள். மூன்றும் தேவையா என்று அதற்கு முன்னால் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் நுகர்வோரை வகைப்படுத்த 2011-இல் வந்த முறை, குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பையும் வீட்டிலுள்ள பொருள்களின் எண்ணிக்கையையும் மட்டும்தான் பார்க்கிறது. பாதி வேலைகளுக்கு அதுவே போதும். சமூகக் கேள்வியைப் பல நேரம் பழக்கதோஷத்தில்தான் சேர்க்கிறோம்.

லேக் மார்க்கெட் என்றதும் அங்கே சந்தித்த ஒரு மாமாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. எண்பது வயதைத் தாண்டியவர். என்னுடன் வந்த வங்காளிப் பையன் கேட்டதற்கு, சுத்தமான வங்காளியில் "ஆமி மாத்ராஜி" என்றார். பையன் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். அவர் என்னைப் பார்த்துத் தமிழில், "நீ தமிழ்ப் பொண்ணுதானே? நாங்களும் தமிழ்தான்" என்றார். எந்த ஊர் மாமா என்றேன். "பாலக்காடு. கல்பாத்தி."

கால் மணி நேரத்துக்குள் மூன்று பதில்கள். எதை எழுதுவது?

"மாமா, இதிலே எது சரி?"

"மூணும் சரிதான். அந்தப் பையன்கிட்ட கல்பாத்தின்னா அவனுக்கு என்ன புரியும்? மெட்ராசின்னா உடனே புரிஞ்சுண்டுடுவான். அதோட, நான் பொறந்தப்போ எங்க ஊர் மெட்ராஸ்லதானே இருந்தது!"

அவர் சொன்னது உண்மை. 1956-இல் கேரளம் உருவாகும்வரை பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். நான் வெறுத்து ஒதுக்கிய வார்த்தை அவருக்குப் பிறந்த மண்ணின் பெயர். அவருடைய பேத்தியிடம் யாராவது மெட்ராசி என்று சொல்லிப் பார்க்கட்டும், கதவைச் சாத்திவிடுவாள். ஒரே வீடு, ஒரே வார்த்தை, இரண்டு மனசு. அன்றிலிருந்து, யார் கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள் என்பதை ஃபாரத்தின் மூலையில் குறிக்கச் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் சொன்னதை மற்றவர்களுக்கும் போட விடுவதில்லை.

பீகாரின் சப்ரா, சிவான் பக்கத்திலிருந்து வந்தவர்களிடம் 'பீகாரி' என்ற சொல்லை நாமாகச் சொல்லவே கூடாது. இந்த ஊரில் அது பல சமயம் வசவாகவே புழங்குகிறது. அவர்களாகப் பேச விட்டால் மாவட்டத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். தாய்மொழி என்ன என்று கேட்டால் இந்தி என்பார்கள். "உங்கள் அம்மாவிடம் போனில் என்ன பேசுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்து "போஜ்புரி" என்பார்கள். இந்த ஒரு கேள்வியை மாற்றியதில் எனக்குக் கிடைத்த தெளிவு, பத்துப் பக்க ஃபாரத்தில் கிடைத்ததில்லை. அரசுக் கணக்கெடுப்பிலேயே இது தெரியும். 2011-இல் மக்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக்கி, கடைசியில் 121 மொழிகளுக்குள் அடக்கினார்கள். போஜ்புரி என்று சொன்னவர்கள் 5 கோடிக்கும் மேல். அத்தனை பேரும் இந்தி என்ற தலைப்பின் கீழ்தான் கூட்டப்பட்டார்கள். மார்வாரிக்கும் அதே கதி.

அந்த மார்வாரி என்ற பெயரும் வெளியிலிருந்து வந்ததுதான். கொல்கத்தா மார்வாரிகளில் பெரும்பாலோர் மார்வார் பகுதியினர் அல்ல, ஷேகாவாட்டிக்காரர்கள். பிர்லா குடும்பத்தின் பிலானியும் ஷேகாவாட்டியில்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் அந்தப் பெயரை எடுத்துத் தங்களுடையது ஆக்கிக்கொண்டார்கள். 1935-இல் இதே நகரத்தில் அகில இந்திய மார்வாரி சம்மேளனத்தை அந்தப் பெயரிலேயே தொடங்கினார்கள். படா பஜாரில் ஒரு பெரியவர் மார்வாரி என்று நிமிர்ந்து சொல்வார். அலிப்பூரில் இருக்கும் அவர் மகன் ராஜஸ்தானி என்று எழுதச் சொல்வார். முர்ஷிதாபாத்தில் பல தலைமுறைகளுக்கு முன்பே குடியேறிய சமணக் குடும்பங்களோ 'ஷெஹர்வாலி' என்பார்கள். அவர்களை மார்வாரி என்று எழுதிவிட்டால் திருத்தும்வரை விடமாட்டார்கள். ஆகையால் வெளியார் வைத்த பெயரெல்லாம் அவமானம் என்று நாமே முடிவுகட்டுவதும் தவறு. அதையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

டேங்ராவில் கற்றதுதான் எனக்குப் பெரிய பாடம். சோயா சாஸ் பற்றிய சர்வே. ஹக்கா சீனர்கள் நடத்திய தோல் பட்டறைகளுக்குப் பேர்போன இடம் அது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் தொழிலை நகருக்கு வெளியே மாற்ற உத்தரவிட்ட பிறகு, அதற்கென ஒதுக்கிய பண்டாலாவுக்குப் போகாத பல பட்டறைகள் உணவகங்கள் ஆகின. அப்படி ஒரு உணவகத்தின் முதலாளி என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சமூகம் என்ன என்றதும், "இந்தியன். இந்தியன்னு எழுதுங்க" என்றார். நான் பாடம் படிக்காதவளாக, "இல்லை, அதற்குள்ளே…" என்று இழுத்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.

வேலை முடிந்து கிளம்பும்போது அவரே ஒரு கோப்பைத் தேநீரோடு வந்து உட்கார்ந்தார். 1962 சீனப் போரின்போது அசாமிலும் வட வங்காளத்திலும் இருந்த சீனக் குடும்பங்களை, குழந்தைகளோடு சேர்த்து, ராஜஸ்தானின் தேவலி முகாமுக்கு ரயிலேற்றினார்கள். சுமார் 3,000 பேர். அவருடைய சித்தப்பா குடும்பம் டார்ஜிலிங்கிலிருந்து அப்படிப் போனதாம். "அட்டை மாட்டிக்கிட்டு வந்து நீ யாருன்னு கேட்டா, எங்க வீட்டுல இன்னும் பயம்" என்றார். வீட்டில் ஹக்கா பேசுவதாகவும், சீனப் புத்தாண்டுக்கு டொரோண்டோவிலிருந்து உறவினர்கள் வருவதாகவும் பிறகு சொன்னார். நான் எதையும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு மூன்று காரியங்களை மாற்றினேன். இந்தக் கேள்வியை ஃபாரத்தின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோனேன். எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள் என்பதைக் கேள்விக்கு முன்னால் இரண்டு வரியில் சொல்ல வைத்தேன். கட்டங்களுக்கு மேலே வெறும் கோடு ஒன்று போட்டு, "உங்களை நீங்கள் எப்படிச் சொல்லிக்கொள்வீர்கள்?" என்று மட்டும் கேட்கச் செய்தேன். முதலில் அவர்களுடைய சொல், பிறகுதான் விடைகள் அச்சிட்ட ஷோ கார்டு. ஒன்றுக்கு மேல் சொன்னால் எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

ஆபீசில் எதிர்ப்பு வந்தது. நூறு விதமான பதில் வந்தால் அவற்றுக்கு எண் கொடுத்துக் கோடிங் செய்வது யார் என்றார்கள். வேலை கூடுகிறது என்பது நிஜம்தான். ஆனால் பெரிய நாடுகளே இந்த வழிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. அமெரிக்க அரசு, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம் என்று 1997-இல் ஒத்துக்கொண்டது. அரபு, ஈரானிய வம்சாவளியினருக்கென்று ஒரு தனிப் பிரிவு வர 2024 ஆயிற்று. படித்தவர்கள் உருவாக்கிய 'லாட்டினெக்ஸ்' என்ற சொல்லை, அந்தச் சமூகத்தில் நூற்றுக்கு மூன்று பேர்தான் தங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பியூ ஆய்வு மையம் 2020-இல் சொன்னது. இலங்கையில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதப்பட்டவர்கள், எங்களை மலையகத் தமிழர் என்று எழுதுங்கள் என்று எத்தனை காலமாகக் கேட்டுவருகிறார்கள்! எங்கள் ஊர் போ பாரக்ஸில் ஆங்கிலோ இந்தியப் பாட்டி ஒருவர் அந்தப் பெயரை அழுத்திச் சொன்னதன் அர்த்தம், அது அரசியல் சட்டத்தின் 366-ஆவது பிரிவில் எழுதப்பட்ட பெயர் என்று தெரிந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

கோடிங் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதில் சொன்னவரின் சொல்லை அழித்துவிட்டு எண்ணைப் போடாதீர்கள். சொல் ஒரு பத்தியில் இருக்கட்டும், எண் அடுத்த பத்தியில் இருக்கட்டும். எண் நமக்கு வேண்டியது. பத்து வருஷம் கழித்து வேறு மாதிரி கூட்ட வேண்டியிருந்தால் அந்தச் சொல்தான் உதவும்.

புதிய ஃபாரத்தோடு பார்க் சர்க்கஸுக்கு மறுபடி போக எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. மறுபடியும் தேயிலைதான். அந்த அம்மாளுக்கு என்னை நினைவில்லை. நானே பழைய கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு ஃபாரத்தை வாங்கினார். கோட்டில் வங்காளி எழுத்தில் 'பாங்காலி' என்று எழுதினார். அடுத்து 'ஆசிரியை' என்று எழுதினார். மதம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடினார்.

"தேயிலைக்கு இது எதுக்கும்மா?"

"வேண்டாம் மாஷிமா" என்றேன். 'சொல்ல விரும்பவில்லை' என்ற வரியை அவரே காட்டி, அதில் டிக் போடச் சொன்னார்.