மென்டர் ஆன மருமகனுக்கு

அன்பு மாப்பிள்ளைக்கு,

புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்கு உன்னை மென்டராகப் போட்டிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். மிகவும் சந்தோஷம். தொழிற்சாலைப் பயிற்சிப் பிரிவிலேயே காலம் தள்ளியவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் நாள் காபி குடிக்கும்போது பேச்சு சொந்த ஊரில்தான் தொடங்கும். அதில் தப்பில்லை. ஆனால் "ஊரில் எந்தத் தெரு? குலதெய்வம் எது?" என்று நீளும்போதே, பேச்சு எங்கே போகிறது என்று எதிரில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். உன் மனதில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்திலும் அவனிடம் இதையேதான் கேட்டிருப்பார்கள். நம் வீட்டில் யாருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொண்டை அடைத்ததில்லை. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. துருவாதே.

அதற்காக, "நான் சாதியெல்லாம் பார்ப்பதில்லை" என்று அறிவிக்கவும் வேண்டாம். அதைப் பற்றி இங்கே பேசாதே என்றுதான் அது கேட்பவர் காதில் விழும். அமெரிக்காவில் கறுப்பின, வெள்ளையின ஊழியர்களுக்கு இடையிலான வழிகாட்டும் உறவுகளை ஆராய்ந்து டேவிட் தாமஸ் 1993-இல் ஒரு கட்டுரை எழுதினார். இனத்தைப் பற்றி இருவரும் மனம்விட்டுப் பேசினாலும் உறவு வளர்ந்தது, இருவருமே அதைத் தொடாமல் விட்டாலும் வளர்ந்தது. ஒருவர் பேச விரும்பி மற்றவர் விரும்பாத இடத்தில்தான் அந்த அளவுக்கு வளரவில்லை. பேசுவதா வேண்டாமா என்பதை இளையவர் முடிவு செய்யட்டும். பேசினால் குறுக்கே நியாயம் சொல்லாமல் முழுவதும் கேள்.

கேட்டது உன்னோடு இருக்கட்டும். 2020-இல் சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியா அரசுத் துறை தொடுத்த வழக்கு நினைவிருக்கிறதா? ஒரு தலித் பொறியாளர் இடஒதுக்கீட்டில் ஐஐடியில் சேர்ந்தவர் என்று மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது அதிலிருந்த புகார்களில் ஒன்று. நிறுவனம் மறுத்தது, தனி அதிகாரிகள் மீதான பகுதி 2023-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வழக்கு எப்படியும் போகட்டும், சாப்பாட்டு மேசையில் உதிர்க்கும் ஒரு வாக்கியம் ஒருவரின் வேலைக்காலம் முழுக்கத் துரத்தும் என்பதை நினைவில் வை.

இனி முக்கியமானது. எங்கே மனம் புண்பட்டுவிடுமோ என்று பயந்து தவறைச் சொல்லாமல் விடுவாய், "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்பாய். நல்ல மனம் உள்ளவர்கள் செய்யும் பெரிய அநியாயம் இது. நெருங்கியவனுக்குத் திட்டும் திருத்தமும் கிடைக்கும், அவன் வளர்வான். நெருக்கமில்லாதவளுக்குப் பாராட்டு மட்டும் கிடைக்கும், நின்றுவிடுவாள். கோஹன், ஸ்டீல், ராஸ் மூவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் எழுதியதன் மீது வந்த வெறும் விமர்சனத்தைக் கறுப்பின மாணவர்கள் பாரபட்சமாகப் பார்த்தார்கள். "இங்கே எதிர்பார்க்கும் தரம் உயர்ந்தது, உன்னால் அதை எட்ட முடியும்" என்று சேர்த்துச் சொன்னபோது அதே விமர்சனத்தை ஏற்று, திருத்தி எழுத முன்வந்தார்கள். கறாராக இரு. ஏன் கறாராக இருக்கிறாய் என்பதையும் வாய்விட்டுச் சொல்.

திண்டிவனம் பக்கம் தமிழ் வழியில் படித்த பெண் ஒருத்தி உன் குழுவில் இருக்கிறாளாமே. கிளையன்ட் அழைப்பில் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு, கண்டுபிடித்த பிழையை உனக்கு சாட்டில் அனுப்புகிறாள் என்றாயாம். உடனே இன்னொருவன் அதையே சரளமான ஆங்கிலத்தில் சொல்லிப் பேர் வாங்கிக்கொள்கிறான். அந்த நேரத்தில் நீ பேச வேண்டும்: "இதைக் கண்டுபிடித்தது இவர்" என்று பெயரைச் சொல். அடுத்த அழைப்பில் இரண்டு நிமிடம் அவளே பேசட்டும். முந்தின நாள் கூட உட்கார்ந்து பழக்கிவிடு.

வருட முடிவில் அப்ரைசல் எழுதுவாய். "கம்யூனிகேஷன் சரியில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடாதே. எந்தக் கூட்டத்தில், எது புரியாமல் போயிற்று, நீ என்ன கற்றுக்கொடுத்தாய் என்று எழுது. அப்படி எழுத முடியவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடு.

இப்படிக்கு,
உன் மாமா