கடைவாசல் வரை வந்தவர் உள்ளே போக: ஷாப்மொபிலிட்டி தரும் பாடம்

‘மாற்றுத்திறனாளிகளுக்கு நாம் என்ன செய்யலாம்?’ என்று வகுப்பில் கேட்டால், சாலையைக் கடக்கக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம், பேருந்தில் இடம் கொடுப்போம் என்று மாணவர்கள் சொல்வார்கள். நல்ல பதில்கள்தான். ஆனால் அவற்றில் எப்போதும் ஒருவர் கொடுப்பவர், மற்றவர் பெறுபவர். யாரையும் எதிர்பார்க்காமல் அவர் தாமே போய்வர என்ன ஏற்பாடு வேண்டும் என்ற கேள்வி எழுவதில்லை. அதை எழுப்ப உதவும் ஓர் எடுத்துக்காட்டு, இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஷாப்மொபிலிட்டி’ சேவை. ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் இரண்டு பாடவேளைகளில் இதை நடத்தலாம்.

சேவையின் தொடக்கம்

லண்டனுக்கு வடமேற்கே திட்டமிட்டு உருவாக்கப்பட்ட புதிய நகரம் மில்டன் கீன்ஸ். அங்கு 1979ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வணிக வளாகம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. கடைகள் தரைத்தளத்திலேயே வரிசையாக இருந்தன. ஏறி இறங்கப் பெரிதாகப் படிகள் இல்லை. ஆனாலும் முழங்கால் வலி உள்ள ஒருவருக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று திரும்புவதே ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை. படி இல்லாத இடத்திலும் தூரமே தடையாகிவிடும். அதே ஆண்டு, அதே நகரத்தில் ஷாப்மொபிலிட்டி தொடங்கியது. பிறகு பிரிட்டனின் பல நகரங்களுக்கும் பரவியது.

எப்படி இயங்குகிறது?

வாகன நிறுத்துமிடத்தை ஒட்டியோ, கடைத்தெருவின் நடுவிலோ ஒரு சிறு அலுவலகம் இருக்கும். கையால் தள்ளும் சக்கர நாற்காலி, மின்கலத்தால் இயங்கும் சக்கர நாற்காலி, மின் ஸ்கூட்டர் ஆகியவை அங்கே கிடைக்கும். முதல்முறை வருபவர் அடையாளச் சான்றைக் காட்டிப் பெயரைப் பதிவு செய்வார். வண்டியை ஓட்டவும் நிறுத்தவும் திருப்பவும் பணியாளர் கற்றுத் தருவார். கடை வேலைகளை முடித்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். சில ஊர்களில் இது இலவசம். சில ஊர்களில் சிறு வாடகையோ ஆண்டுச் சந்தாவோ உண்டு. உள்ளாட்சி மன்றம், தொண்டு அமைப்பு, வணிக வளாகம் என ஊருக்கு ஊர் நடத்துபவர் மாறுவார். நிதி குறைந்ததால் மூடப்பட்ட மையங்களும் உண்டு. ஒரு பொதுச்சேவை நிலைத்திருக்க யார் செலவு செய்ய வேண்டும் என்பதை மாணவர்களின் விவாதத்திற்கு விடலாம்.

யாருக்கு இந்த வண்டி?

பாடத்தின் மையம் இதுதான். எப்போதும் சக்கர நாற்காலியில் இருப்பவர் பெரும்பாலும் தம் நாற்காலியிலேயே வருவார். இந்தச் சேவையால் பெரிதும் பயன் பெறுபவர்கள், வீட்டுக்குள் நடக்க முடிந்தும் கடைத்தெரு முழுவதும் நடக்க முடியாதவர்கள்: மூட்டுவாதம், இதயநோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள், கால் எலும்பு முறிந்து தேறி வருபவர்கள், முதியோர். வீட்டில் இயல்பாக நடமாடும் ஒருவர் கடைத்தெருவுக்கு வந்ததும் ‘இயலாதவர்’ ஆகிறார். மாறியது உடல் அன்று, இடம். வண்டி கிடைத்ததும் அதே உடலோடு அதே கடைத்தெருவைச் சுற்றி வருகிறார். தடை உடலில் மட்டும் இல்லை, சமூகம் அமைத்துள்ள இடங்களிலும் ஏற்பாடுகளிலும் இருக்கிறது என்னும் இக்கருத்தைச் ‘சமூக மாதிரி’ என்பர். 1970களில் பிரிட்டனின் மாற்றுத்திறனாளி இயக்கத்தினர் வலியுறுத்திய இதற்கு, 1983இல் அப்பெயரைத் தந்தவர் மைக்கேல் ஆலிவர். அவரும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவரே.

இப்பகுதியை நடத்தியபோது என் மாணவி ஒருத்தி, “எங்க ஆயா வீட்டு வேலையெல்லாம் செய்யும் சார். ஆனா சந்தைக்குப் போயி ரெண்டு வருஷமாச்சு. நாங்கதான் வாங்கிட்டு வருவோம்” என்றாள். “நீங்க வாங்கி வர்றது ஆயாவுக்குப் பிடிக்குமா?” என்று கேட்டேன். “கத்திரிக்காய பாத்துப் பொறுக்கத் தெரியலன்னு திட்டும்” என்றாள். வகுப்பே சிரித்தது. பொருள் வீடு தேடி வந்துவிடுகிறது. ஆனால் தானே பார்த்து, பேரம் பேசி, நாலு பேரைக் கண்டு வரும் உரிமை வருவதில்லை. அன்றைய பாடத்தை மாணவர்கள் அந்தக் கத்திரிக்காயை வைத்தே நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. தூரம் அளத்தல்: பேருந்து நிறுத்தத்திலிருந்து நியாயவிலைக் கடை வரை குழுவாக நடந்து தூரத்தை அளக்கட்டும். வழியில் உட்கார இடம் உண்டா, படிகள் எத்தனை, கதவின் அகலம் என்ன என்று அட்டவணையில் குறிக்கட்டும்.

2. சாய்தளக் கணக்கு: சாய்தளத்திற்கு 1:12 என்ற விகிதம் பரிந்துரைக்கப்படுகிறது. தலா 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகள் என்றால் உயரம் 45 செ.மீ.; தேவைப்படும் நீளம் 540 செ.மீ., அதாவது 5.4 மீட்டர். பள்ளியிலுள்ள சாய்தளத்தையும் அளந்து ஒப்பிடலாம்.

3. வேகக் கணக்கு: பிரிட்டனில் நடைபாதையில் இவ்வகை ஸ்கூட்டரின் வேக வரம்பு மணிக்கு 4 மைல், ஏறத்தாழ 6.4 கி.மீ. அரைக் கிலோமீட்டர் செல்ல எத்தனை நிமிடங்கள் ஆகும்?

4. திட்டம் வரைதல்: நம் ஊர்ச் சந்தையில் இப்படியொரு சேவை தொடங்கினால் வண்டிகளை எங்கே வைப்பது, யார் பராமரிப்பது, மண் தரையில் எந்தச் சக்கரம் ஓடும்? திட்டத்தை எழுதி, ஊராட்சித் தலைவருக்குக் கடிதமாக மாற்றலாம்.

ஆசிரியர் கவனத்திற்கு

வகுப்பில் மாற்றுத்திறன் கொண்ட மாணவர் இருந்தால் அவரை எடுத்துக்காட்டாக்க வேண்டாம். அவர் விரும்பினால் பேசட்டும். சக்கர நாற்காலியில் உட்கார வைத்து ‘எவ்வளவு கஷ்டம் பார்’ என்று காட்டுவது இரக்கத்தை மட்டுமே வளர்க்கும். நம் பார்வை தடையின்மீது இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பொது இடங்களுக்குத் தடையின்றிச் சென்றுவருவதை உரிமையாகவே கூறுகிறது என்பதையும் சொல்லுங்கள்.

மதிப்பீடு

‘மாற்றுத்திறனாளிக்கு உதவுதல்’, ‘மாற்றுத்திறனாளி தாமே செய்ய வழியமைத்தல்’ இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை, உங்கள் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் ஐந்து வரிகளில் எழுதுக.

இக்கேள்விக்கு மாணவர் எழுதும் விடையில் நம் பள்ளியின் கழிப்பறையோ, சத்துணவுக்கூடமோ, நூலகத்தின் வாசற்படியோ இடம்பெறக்கூடும். அதைத் திருத்தி மதிப்பெண் இட்டதோடு விடாமல், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் பொருளாக எடுத்துச் செல்வோம்.