லேபிளைப் பிரித்துவிட்டுப் பார்த்தால்

திருப்பூர்ப் பள்ளிகளில் திங்கட்கிழமை முதல் பாடவேளைக்கு ஒரு தனிப் பரபரப்பு உண்டு. சனிக்கிழமை பனியன் கம்பெனியில் சம்பளம் போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். அதில் கேட்டதெல்லாம் மறுநாள் வகுப்புக்கு வந்துவிடும். யார் வெளியேற்றப்பட்டார் என்பதோடு, நிகழ்ச்சியை நடத்திய நடிகர் ஆட்சியைப் பற்றியும் வாக்காளரைப் பற்றியும் என்ன சொன்னார் என்பதும் வரும். ஆசிரியர் அறையில் இதற்கு எழும் முணுமுணுப்பும் நமக்குப் பழக்கமானதுதான்: "பொழுதுபோக்குன்னு உட்கார்ந்தா அங்கேயும் அரசியலா?"

இந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. விஜய் தொலைக்காட்சியில் பிக் பாஸ் 2017 ஜூன் 25 அன்று கமல்ஹாசன் தொகுத்து வழங்கத் தொடங்கியது. 2018 பிப்ரவரி 21 அன்று மதுரையில் அவர் மக்கள் நீதி மய்யம் கட்சியைத் தொடங்கினார். அதன் பிறகும் ஏழாவது பருவம் வரை வார இறுதி மேடை அவருடையதாகவே இருந்தது. நான்காவது பருவம் 2021 ஜனவரியில் முடிந்தது. அந்த ஏப்ரலிலேயே அவர் நம் பக்கத்து ஊரான கோவையின் தெற்குத் தொகுதியில் நின்று 1,728 வாக்குகளில் தோற்றார். பேசுவது தொகுப்பாளரா, கட்சித் தலைவரா என்று பார்க்கிறவர் குழம்பினால் அது அவர் குற்றமில்லை.

ஆனால் இதை ஏதோ புதிதாக வந்த சீர்கேடு என்று மாணவரிடம் சொன்னால் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1952இல் வெளிவந்த 'பராசக்தி'க்கு வசனம் எழுதியவர் பின்னாளில் முதலமைச்சர். திரையில் நடித்தவர்களும் முதலமைச்சர் ஆனார்கள். 1996 தேர்தலில் ரஜினிகாந்த் ஒரு கூட்டணிக்கு ஆதரவாகத் தொலைக்காட்சியில் பேசியதை நம்மில் மூத்தவர்கள் நேரில் பார்த்தவர்கள். தமிழ்நாட்டில் கலைக்கும் அரசியலுக்கும் நடுவே சுவர் இருந்ததே இல்லை. எனவே நடிகர் பேசலாமா என்ற கேள்வியை வகுப்பில் எடுப்பதால் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு அவருக்கும் உரியது.

உண்மையில் எரிச்சலூட்டுவது வேறு. திரையில் பேசுகிறவரை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. அவர் சொல்லி முடித்ததும் கைதட்டல் வருகிறது. கைதட்டல் முடிந்ததும் விளம்பரம் வருகிறது. (யாரும் திருப்பிக் கேட்காத மேடை நமக்கும் ஒன்று உண்டு, அதில் கரும்பலகை இருக்கும்.) அந்தத் திருப்பிக் கேட்கும் வேலையைத்தான் வகுப்பறை செய்ய முடியும்.

இதற்கு ஏற்ற சான்று, சற்றுப் பழையதானாலும், 'மெர்சல்' படத்தின் இறுதிக் காட்சியில் வரும் பேச்சு. படம் 2017 அக்டோபர் 18 அன்று வெளியானது. சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. பேச்சின் சாரம் இதுதான்: சிங்கப்பூரில் 7 சதவீத வரி வாங்கி இலவச மருத்துவம் தருகிறார்கள், இங்கே 28 சதவீதம் வரை வாங்கியும் தரவில்லை, மருந்துக்கு 12 சதவீத வரி, மதுவுக்கு அந்த வரியே இல்லை. எதிர்ப்பு எழுந்தது, காட்சியை நீக்கச் சொன்னார்கள், செய்தித் தொலைக்காட்சிகளில் பல நாள் விவாதம் நடந்தது. படத்தின் சான்றிதழை ரத்து செய்யக் கோரிய மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாதமே தள்ளுபடி செய்தது. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் 'அரசாங்கமும் வரிகளும்' பாடம் நடத்தும்போது இந்தப் பேச்சை எடுத்துக்கொள்ளலாம். ஏழாம் வகுப்பின் 'ஊடகமும் ஜனநாயகமும்' பாடத்துக்கு இதன் எளிய வடிவம் போதும்.

காட்சியைத் திரையிட வேண்டாம். திரையிட்டால் விசில் வரும். பாடம் அத்தோடு முடிந்தது. வாக்கியங்களை மட்டும் தனித்தனித் தாளில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுங்கள். சொன்னவர் பெயர் வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. ஒரே துணியில் ஒரே டேபிளில் தைத்த சட்டைக்கு வெவ்வேறு லேபிள் வைத்தால் வெவ்வேறு விலை என்பதை அவர்கள் வீட்டிலேயே அறிவார்கள். செக்கிங் பிரிவில் இருக்கும் அம்மா லேபிளைப் பார்த்துத் துணியைத் தேற்றுவதில்லை. விரித்துப் போட்டு ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். "இந்த வாக்கியத்தைச் செக்கிங் பண்ணுங்க" என்றால் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கும் வேலை என்னவென்று தெரிந்துவிடும்.

முதல் வாக்கியத்தில் பாதி நிற்கும், பாதி நிற்காது. சிங்கப்பூரில் அப்போது வரி 7 சதவீதம்தான். 2023இல் 8, 2024இல் 9 ஆனது. ஆனால் மருத்துவம் அங்கே இலவசமில்லை. அரசு மானியம் தருகிறது. அதோடு, சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேமிக்கும் மெடிசேவ் என்ற திட்டம் 1984 முதல் இருக்கிறது. இங்கேயோ அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பதை மாணவர்களே சொல்வார்கள்.

28 சதவீதம் என்பதும் பொய்யல்ல. 0, 5, 12, 18, 28 என்ற படிகளில் அது மேல்படி. கேள்வி, அது எதன்மேல் விழுந்தது என்பது. சிமென்ட்டுக்கு விழுந்தது. கார் வாங்கினால் விழுந்தது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட சினிமா டிக்கெட்டுக்கும் அப்போது விழுந்தது; இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். பருத்தி நூலுக்கும் ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட பனியனுக்கும் 5 சதவீதம்தான்.

நான்கில் மிக நல்ல பாடம் மதுவைப் பற்றிய வாக்கியத்தில் இருக்கிறது. அதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. மனிதர் அருந்தும் மதுவை இந்த வரியின் வரம்புக்கு வெளியே வைத்தது 2016இன் 101ஆவது அரசமைப்புத் திருத்தம். ஆனால் கேட்கிறவர் மனதில் பதிவது 'மதுவுக்கு வரி இல்லை' என்பது. அது தவறு. மாநில அரசு தனியே ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் வசூலிக்கிறது. சொன்னது உண்மை, புரிந்தது பொய். மாணவர்கள் இதுவரை சரி, தவறு என்று இரண்டு கட்டம் போட்டு வந்திருப்பார்கள். இந்த வாக்கியத்துக்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை. கொஞ்ச நேரம் திணறவிடுங்கள். மூன்றாவது கட்டத்தை அவர்களே போட்டு அதற்கு ஒரு பெயரும் வைப்பார்கள். ஒரு குழு 'சாயம் போகும்' என்று வைத்தது.

எல்லாம் முடிந்த பின் ஒரு வாக்கியம் மிஞ்சும்: வரி கட்டும் மக்களுக்கு நல்ல மருத்துவம் கிடைக்க வேண்டும். இதைச் சரிபார்க்க எந்த ஆவணமும் உதவாது. இது விருப்பம், மதிப்பீடு. புள்ளிவிவரம் தவறிப்போனதால் இது தவறாகிவிடுவதில்லை. கைதட்டல் வந்ததால் உறுதியாகிவிடுவதும் இல்லை. "ஏனுங்க டீச்சர், அப்ப அவரு சொன்னது தப்புங்களா, சரிங்களா?" என்று கேட்பார்கள். எந்த வாக்கியம் என்று திருப்பிக் கேளுங்கள்.

ரசிகர்களான பிள்ளைகளின் முகம் வாடும், சிலருக்குக் கோபமே வரும். அதனால் எதிர்த்தரப்புப் பேச்சையும் அதே தாளில் எழுதி அதே மேசையில் வைப்பது கட்டாயம். சிங்கப்பூரில் இலவசமில்லை என்று மறுத்தவர்கள் சொன்னது சரி. தகவல் பிழை இருந்தால் காட்சியை வெட்ட வேண்டும் என்ற கோரிக்கை அதே தரத்ததா? மேல்நிலை வகுப்பில் இதற்கே ஒரு பாடவேளை ஒதுக்கலாம். ஒரு தரப்பை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தினால் ஆசிரியர் எந்தக் கட்சி என்ற பேச்சு மாலைக்குள் ஊருக்குள் போய்விடும். 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் நம்மை அரசியலிலிருந்து விலகி நிற்கச் சொல்வதையும் மறக்க வேண்டாம். நம் தீர்ப்பைச் சொல்லாமல் இருப்பது இங்கே கற்பித்தல் முறையாகவும் அமைகிறது.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் இப்போது நம் பள்ளிகள் பலவற்றில் இருக்கிறார்கள். நடிகரைத் தெரியாது என்பதால் அவர்களை இந்தப் பாடத்தில் ஓரமாக உட்கார வைத்துவிடாதீர்கள். வாக்கியத்தை வாக்கியமாக மட்டும் பார்க்கக்கூடியவர்கள் அவர்கள்தான். ஒவ்வொரு குழுவிலும் ஒருவரைச் சேர்த்துவிட்டால், "யாருங்க அவரு?" என்ற ஒரு கேள்வியிலேயே பாதி வேலை நடந்துவிடும்.

வீட்டுப் பயிற்சிக்கு ரசீது கேட்கலாம். ஆனால் பெற்றோரின் சம்பளச் சீட்டையோ தொழில் கணக்கையோ கொண்டுவரச் சொல்லக் கூடாது. மருந்துக்கடை ரசீது ஒன்று, துணிக்கடை ரசீது ஒன்று போதும்; தேதியையும் வரி சதவீதத்தையும் மட்டும் பார்த்து எழுதட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் படிகள் மாற்றப்பட்டு, பெரும்பாலான மருந்துகளுக்கு 5 சதவீதம் ஆகிவிட்டதால், 2017இன் வாக்கியம் இன்றைய ரசீதோடு ஒத்துப்போகாது. எந்த வாக்கியத்துக்கும் தேதி உண்டு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை, ரசீதே சொல்லும்.

வீட்டு முன்னறையில் நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவரின் மகளோ மகனோ வகுப்பில் இருந்தால், இந்தப் பாடம் அவர்களுக்கு வேறு வழியில் வந்து சேரும். 2017 ஜூலையில் ஆடைத் தையல் ஜாப் ஒர்க்குக்கு 18 சதவீத வரி. ஆகஸ்ட் 5 அன்று கூடிய வரி மன்றம் அதை 5 ஆகக் குறைக்க முடிவு செய்தது. படம் வெளிவருவதற்கு இரண்டரை மாதம் முந்தைய செய்தி இது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் குறைவான ஜாப் ஒர்க்காரர் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை என்ற விலக்கும் இருந்தது. திருப்பூரில் எத்தனையோ வீடுகளைத் தொட்ட எண் 18தான், 28 அல்ல. அதைப் பற்றி எந்த நடிகரும் திரையில் பேசவில்லை. ஏன் என்று மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். விடைகள் ஒன்றுபோல இருக்காது.

தொடக்க வகுப்புகளுக்கு வரியும் வேண்டாம், அரசியலும் வேண்டாம். நடிகர் ஒருவர் தோன்றும் பனியன் விளம்பரமோ சோப்பு விளம்பரமோ போதும். 'என்ன சொன்னார்?', 'அவருக்கு எப்படித் தெரியும்?' என்ற இரண்டு கேள்விகளுக்கு நான்காம் வகுப்பில் நன்றாகவே பதில் வருகிறது.

பத்தாம் வகுப்புக்கு இரண்டு பாடவேளை தேவைப்படும். தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறையில் உள்ள வாரங்களில் இதை எடுக்க வேண்டாம். கட்சித் தலைவர்களாகிவிட்ட நடிகர்களின் அண்மைப் பேச்சுகளையும் தவிர்த்துவிடலாம். சூடு ஆறிய பழைய பேச்சே வகுப்புக்கு வசதி.