வெள்ளைச் சோறும் நம்ம புழுங்கலரிசியும்



சிங்கப்பூர் தேக்கா பக்கம் போனால் மளிகைக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் அரிசி மூட்டைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். புழுங்கல், பச்சரிசி, தவிட்டரிசி எல்லாம் இருக்கும். பக்கத்திலேயே கேழ்வரகும் கம்பும் கொள்ளும் கிடைக்கும். ஆனால் நம்மில் பலர் வெள்ளை வெளேரென்று பளபளப்பதைத்தான் வாங்குகிறோம். "புழுங்கல் வாடை அடிக்குது, பிள்ளைங்க தொட மாட்டேங்குதுங்க" என்று தாய்மார்கள் சொல்வது காதில் விழாமல் இல்லை. அந்த வாடை அடிக்கிற அரிசிதான் ஒரு காலத்தில் நம் பாட்டன்மாரைச் சாவிலிருந்து காப்பாற்றியது. அந்தக் கதையை முதலில் கேளுங்கள்.

ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவையும் சிங்கப்பூரையும் பெரிபெரி என்ற நோய் ஆட்டி வைத்தது. கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பு நீர் கோத்து வீங்கும், கடைசியில் இருதயமே ஓய்ந்துவிடும். ஈயச் சுரங்கங்களில் பாடுபட்ட சீனத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கோ அந்த நோய் அபூர்வமாகத்தான் வந்தது. ஏன்? நமக்குக் கூலி கூடுதலாகக் கொடுத்தார்களா? லயம் சுத்தமாக இருந்ததா? இரண்டும் இல்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க டாக்டராக இருந்த பிராடன் என்பவர் சாப்பாட்டுத் தட்டைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது மில்லில் நன்றாகத் தீட்டிய சயாம் பச்சரிசி, தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. இதை 1907-ல் புத்தகமாகவே எழுதினார். கெட்டுப்போன பச்சரிசியில் ஏதோ விஷம் ஊறுகிறது என்று அவர் நினைத்தது மட்டும் தப்பு.

அதே சமயத்தில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் ஃபிளெட்சர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல். பச்சரிசி தின்றவர்களில் 18 பேர் மாண்டார்கள். புழுங்கல் தின்றவர்களில் பெரிபெரியால் யாரும் சாகவில்லை. (வாயில்லாப் பிள்ளைகளை வைத்து இப்படிச் சோதிப்பது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.) சிங்கப்பூர் மனநோய் மருத்துவமனை டாக்டர் எல்லிஸும் பச்சரிசிதான் காரணம் என்று 1909-ல் எழுதினார். அதே ஆண்டு ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் விஷயத்தைத் தெளிவாக்கினார்கள்: அரிசியில் விஷம் எதுவும் சேரவில்லை, அதிலிருந்து எடுத்ததில்தான் குற்றம். மில்காரன் தவிட்டோடு தள்ளிவிட்ட சத்துதான் இல்லாமல் போயிருந்தது. பிற்பாடு அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. நெல்லை ஊறவைத்து உமியோடு அவிக்கும்போது இந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு தங்கும். டாக்டர் யாரும் சொல்லாமலே நம் கிழவிகள் செய்து வந்த வேலை இது.

இன்றைக்குப் பெரிபெரி நம்மை விட்டுப் போய்விட்டது. இனிப்புநீர் வந்து உட்கார்ந்திருக்கிறது. சிங்கப்பூர் அரசாங்கம் 2016-ல் இந்த நோயின்மீது போரே அறிவித்தது. 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு இந்த நோய் என்று 2017-ல் பிரதமர் தேசிய தினக் கூட்டத்தில் சொன்னார். நம் லயத்திலும் விரல் எடுத்தவர்கள், கால் எடுத்தவர்கள் இல்லையா? தாத்தா விடியலில் பெரட்டுக்குப் போய், நாளெல்லாம் மேடு பள்ளம் ஏறி இறங்கிவிட்டு ஒரு மலைச் சோறு சாப்பிட்டார். நாம் மோட்டார் சைக்கிளில் போய் வந்து அதே மலைச் சோற்றைச் சாப்பிடுகிறோம். கூடவே டின்பால் ஊற்றிய தேத்தண்ணி மூன்று வேளை.

ஆகவே புழுங்கலரிசி என்றால் எவ்வளவும் தின்னலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்வாசி தவிடு போகாத தானியம், கால்வாசி பருப்போ மீனோ என்று சிங்கப்பூர் சுகாதார மேம்பாட்டு வாரியம் படம் போட்டுக் காட்டுகிறது. நமக்கும் அது பொருந்தும். லயத்து ஓரத்து முருங்கைக்கீரைக்குக் காசு கிடையாது. கேழ்வரகுக் கூழ் நல்லதுதான், ஆனால் சட்டி நிறையக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

தவிட்டரிசிக்கு ஒரேயடியாக மாறினால் வீட்டில் சண்டைதான் வரும். ஐந்து பிடியில் ஒரு பிடி கலந்து ஆரம்பியுங்கள். தவிட்டரிசியைத் தனியாக ஒரு மணி நேரம் ஊறவைத்துக்கொண்டால் சேர்ந்தே வெந்துவிடும், தண்ணீர் மட்டும் சற்றுக் கூடுதலாக வையுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், மூட்டையாக வாங்காதீர்கள். எந்த அரிசியானாலும் ஐந்து தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், இருக்கிற பி1-ம் சாக்கடைக்குத்தான் போகும்.

இனிப்புநீருக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். காலில் ஆறாத புண் இருக்கிறவர்கள் அரிசியை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது, அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள்.