ஒளிந்து வாழும் குட்டிகள்

ஒரகடத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் என் பாட்டி ஆடு மேய்த்தார். ஒருநாள் புதருக்குள் அசையாது கிடந்த வெள்ளாட்டுக் குட்டியை, தாய் கைவிட்டதோ என்றஞ்சித் தூக்கி வந்தேன். “தாய் வந்து தேடுமே, எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வாடா!” என்று கடிந்துகொண்டார்.

விலங்கியல் வகுப்பில்தான் காரணம் விளங்கிற்று. மேயும் விலங்குகளின் குட்டிகள் இருவகைப்படும். செம்மறிக் குட்டி பிறந்த சிறிது நேரத்தில் எழுந்து தாயைப் பின்தொடரும். வெள்ளாடு, புள்ளிமான், கிண்டி தேசியப் பூங்காவில் வாழும் வெளிமான் ஆகியவற்றின் குட்டிகளோ முதலில் ஒளிந்தே கிடக்கும். தாய் அவ்வப்போது வந்து பாலூட்டி, குட்டியை நக்கித் துப்புரவாக்கும். ஆகவே நரிக்கு மோப்பம் எளிதில் கிட்டாது.

அசையாதிருத்தல் பிறவிக் குணம், கல்வி பிறகே. மந்தையில் சேர்ந்தபின், தாய் தலைநிமிர்ந்தால் தானும் நிமிர்ந்து, அது ஓடினால் தானும் ஓடி, எதற்கு அஞ்சவேண்டும் என்பதைக் குட்டி அறிகிறது.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. பின்னர் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பெருகின. எங்கள் மேய்ச்சல் நிலத்தில் இன்று புதர் இல்லை, தெருநாய்கள் உண்டு. வெட்டவெளியில் அசையாதிருப்பது அரணாகுமோ? நண்பர்களே, தனித்துக் கிடக்கும் குட்டியைத் தொடாதீர்கள். எஞ்சிய புதர்களையேனும் காப்போம்!