தொட்டிகளில் ரோஸ்மேரி வளர்த்தல்

ரோஸ்மேரி என்பது மத்தியதரைக் கடலோரத்துப் பாறைச் சரிவுகளில் இயற்கையாக வளரும் மணச்செடியாகும். தமிழ்நாட்டில் இது நீலகிரியில் பயிராகிறது, 'ஊட்டி ஆர்.எம். 1' என்னும் ரகம் உதகமண்டலத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டதே. கூந்தல் தைலத்திற்கு இதன் இலை விலைபோவதைக் கேட்டு, தருமபுரி ஜில்லாக் குடியானவர்களும் இதை நிலத்தில் நட எண்ணலாம். உதகை சுமார் 7,300 அடி உயரத்திலுள்ளது. தருமபுரியோ சுமார் 1,500 அடியே. ஆகவே நிலத்திற் பணத்தை இறைக்குமுன், மாடித் தாழ்வாரத்தில் 4 தொட்டிகளில் ஓராண்டு வளர்த்துப் பார்ப்பது விவேகமாகும்.

தட்பவெப்பம்.— இதன் தாயகத்தில் மழை குளிர்காலத்திற் பெய்யும், கோடை வறண்டிருக்கும். இந்த ஜில்லாவிலோ வெப்பம் தணியாத மாதங்களிலேயே பெரும்பான்மை மழையும் பெய்கிறது. வெப்பமும் ஈரமும் வேரடியிற் சேர்ந்து தங்கினால் வேர் அழுகும். இச்செடி வறட்சியைப் பொறுக்கும். தேங்கிய நீரைப் பொறுக்காது.

தொட்டியும் மண்ணும்.— 10 முதல் 12 அங்குல வாயுள்ள சுட்ட மண்தொட்டி ஏற்றது. அடித்துவாரத்தை ஓர் ஓட்டுச் சில்லால் மூடி, செம்மண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அரைப்பங்கு கலந்து நிரப்புக. உரம் மிகுந்தால் தளிர் மிகும், மணம் குறையும்.

நாற்று.— விதை தாமதமாகவும் குறைவாகவுமே முளைக்கும். 4 முதல் 6 அங்குல நுனித்தண்டுகளை வெட்டி, கீழிலைகளைக் களைந்து, ஈரமணலில் நிழலில் ஊன்றினால், சில வாரங்களில் வேர்விடும்.

நீர்.— மண்ணில் விரலை 2 அங்குலம் அழுத்திப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே, துவாரத்தின் வழி வடியும்வரை நீர் விடுக. தொட்டியின்கீழ் நீர் தேங்கும் தட்டு வைத்தல் கூடாது. வேர் அழுகிய செடியும் வாடியே தோன்றும்; அதைத் தாகமென எண்ணி மேலும் நீர் வார்ப்பது அதைக் கொன்றுவிடும். ஈரமண்ணில் நிற்கும் செடி வாடினால் நீரை நிறுத்துதல் வேண்டும்.

வெயிலும் அறுவடையும்.— நாளொன்றுக்கு 6 மணி நேர வெயிலும் காற்றோட்டமும் வேண்டும். சித்திரை வைகாசியில் பிற்பகல் நிழல் நலம். பசுந்தண்டில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. இலையற்ற முதிர்தண்டில் வெட்டினால் மீண்டும் தளிர்ப்பது அரிது. வெட்டியதை நிழலில் உலர்த்துக.

சோதனை.— மழைக்காலத்தில் 2 தொட்டிகளை இறவாரத்தின்கீழும் 2 தொட்டிகளைத் திறந்த வெளியிலும் வைத்து ஒப்பிடுக. வெளியில் நின்றவை தழைத்தால், மேட்டுப்பாத்தியில் சில சென்ட் அளவு முயன்று பார்க்கலாம். இறவாரத்தின்கீழ் இருந்தவை மட்டுமே பிழைத்தால், அது அவ்வூரில் வீட்டுச் செடியேயன்றி வயற்பயிரன்று எனத் தெளிக. கடன்பட்டு நாற்று வாங்க முனைவோர்க்குக் கிராம உத்தியோகஸ்தர்கள் இச்சிறு சோதனையை முதலில் எடுத்துரைப்பது பேருதவியாகும்.